புல்லும் மரமும்: வயல், தோட்ட மிச்சங்களிலிருந்து எரிகுளிகை

சபாக் பெர்ணம் மாவட்டத்தின் முக்கிம்களுள் ஒன்று சுங்கை பஞ்சாங். ‘பஞ்சாங்’ என்னும் மலாய்ச் சொல் நீளத்தைக் குறிக்கும். ‘நீண்ட ஆறு’ என்பதே ஊரின் பெயர். வாய்க்கால்களின் இருமருங்கும் நெல்வயல், அதனை அடுத்துச் செம்பனைத் தோட்டம், வீட்டுக் கொல்லைகளில் தென்னையும் வாழையும் ரம்புத்தானும் என வடசிலாங்கூரின் நிலம் விரிந்து கிடக்கிறது. ஆண்டுக்கு இருமுறை நெல் அறுவடையாகும். கதிரறுக்கும் இயந்திரம் வயலைக் கடந்து சென்றபின் வைக்கோல் வரிவரியாகக் கிடக்கும். சில நாள்களில் எங்கோ ஒரு மூலையில் தீ வைக்கப்படும். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், அதன் 29அ பிரிவில், சில விலக்குகளோடு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. ஆயினும் புகை வருகிறது. பள்ளிகளில் சன்னல்களைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்தும் நாள்களும் வருகின்றன.

அத்தகைய ஒரு நாளில் இவ்வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் மொழி விழாவிற்காகப் பேசச் சென்றிருந்தேன். பேச்சு முடிந்தபின் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, இந்தக் கழிவையெல்லாம் இப்படி வீணாக எரிக்கிறார்களே, இதையே எரிபொருளாக ஆக்கலாமென்று எங்கள் அறிவியல் ஆசிரியை சொன்னார், ஏன் ஆக்கவில்லை?” என்று கேட்டாள். தொல்காப்பியம் பற்றிப் பேச வந்தவனிடம் கேட்கத்தக்க வினா அன்று என்று சிலர் புன்னகைத்தனர். நானும் அன்று அரைகுறையாகவே விடையளித்தேன். பின்னர் நூல்களைப் படித்தும், செயலைக் கண்ணால் கண்டும், தொழில் தெரிந்தவர்களைக் கேட்டும் ஓரளவு தெளிந்தேன். அந்தத் தெளிவில், அவ்வினாவிற்கும் தொல்காப்பியத்திற்கும் தொடர்பு உண்டு என்பதே எனக்கு வியப்பாக இருந்தது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். மரத்தூள், கழித்த கிளை, வைக்கோல், உமி, செம்பனை நார் முதலியவற்றை உலர்த்தி, பொடியாக்கி, பெரும் அழுத்தத்தில் சிறு துளைகளின் வழியே பிதுக்கினால், விரல்முனை அளவில் பளபளப்பான சிறு உருளைகள் கிடைக்கும். குறுக்களவு 6 அல்லது 8 மில்லிமீட்டர். நீளம் பெரும்பாலும் 40 மில்லிமீட்டருக்குள். ‘பெல்லட்’ என்பது வணிகப் பெயர். இதனைத் தமிழில் எவ்வாறு வழங்குவது? ‘உருண்டை’ என்றால் வடிவம் பொருந்தவில்லை, ‘வில்லை’ தட்டையானது, ‘கட்டி’ அளவைக் காட்டவில்லை. மருத்துவர் பொடியை அரைத்துப் பிசைந்து அழுத்தித் திரட்டி உலர்த்துவது குளிகை. வடிவம் சற்று மாறினும் செய்முறை ஒத்திருப்பதால் ‘எரிகுளிகை’ என்னும் சொல்லை இவ்வுரையில் ஆள்கிறேன். பெல்லட் என்றே வழங்குவோர் பிழை செய்வோர் அல்லர்.

சொல் புதிது, செயல் புதிதன்று. சாணத்தோடு உமியையும் வைக்கோல் துணுக்கையும் பிசைந்து, சுவரில் தட்டி, வெயிலில் காயவைத்து அடுக்கினால் அதுதான் வறட்டி. வறளச் செய்தது வறட்டி. இச்சொல்லில் அழுத்துவது பற்றிய குறிப்பே இல்லை, உலர்த்துவது பற்றிய குறிப்பு மட்டுமே உண்டு என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். எரிபொருள் செய்வதில் எது கடினமோ அதையே நம் பாட்டிமார் பெயராக வைத்தார்கள்.

நீரை ஓட்டுதல்

எரிகுளிகை ஆலையைப் பார்க்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது அழுத்தும் இயந்திரம்தான். ஆனால் செலவும் சிக்கலும் பெரிதும் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கின்றன. கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். செம்பனை ஆலையில் பழங்களை உதிர்த்தபின் எஞ்சும் வெற்றுக்குலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பங்கு நீர். ஒரு டன் வெற்றுக்குலையை எடுத்தால் உலர்பொருள் 350 கிலோ. மீதி 650 கிலோ நீர். எரிகுளிகையில் நீர் நூற்றுக்கு 10 பங்கு இருக்கலாம் என்று கொண்டால், கிடைக்கும் குளிகை 390 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஓட்ட வேண்டிய நீர் 610 கிலோவுக்குச் சற்று மிகுதி. ஒரு கிலோ நீரைச் சூடாக்கி ஆவியாக்க, இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 2.6 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஆக 1,600 மெகாஜூல் அளவு வெப்பம் உலர்த்துவதற்கே போகிறது. கிடைத்த குளிகை முழுவதையும் எரித்தால் வருவது 6,200 மெகாஜூல் அளவு. நாலில் ஒரு பங்கு, அடுப்பில் ஏறுவதற்கு முன்பே செலவாகிவிட்டது. உண்மையான உலர்த்திகளில் இழப்பு உண்டாதலின் இது மேலும் கூடும்.

வெயிலில் உலர்த்தினால் இச்செலவு இல்லையே எனலாம். இராமநாதபுரத்து வெயிலில் அது எளிது. நம் நாட்டில் காலையில் பரப்பியதை மாலை மழைக்கு முன் அள்ள வேண்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஓரளவுக்கு மேல் எதுவும் உலர்வதில்லை. தேங்காயைக் கொப்பரையாக்க இங்குள்ளோர் சூளை கட்டியது இதனால்தான். ஆகவே இந்நாட்டில் எரிகுளிகை செய்ய நினைப்பவர் கேட்க வேண்டிய முதல் வினா, ‘என்ன இயந்திரம் வாங்குவது’ என்பதன்று. ‘எந்த மிச்சம் ஏற்கெனவே உலர்ந்திருக்கிறது’ என்பதே. மரத் தளவாடப் பட்டறையின் ரப்பர் மரத்தூள், பலகையைச் சூளையில் உலர்த்தியபின் இழைக்கும்போது உதிர்வதாயின், உலர்ந்தே வருகிறது. நெல் ஆலையின் உமியும் அத்தகையதே. நெல்லை உலர்த்திய பின்னரே உமி நீங்குகிறது. கழித்த கிளையோ பாதி நீர். அதனைச் சீவிக் கூரையின்கீழ்க் காற்றோட்டமாகச் சில வாரம் கிடத்தினால் பாதி வேலை செலவின்றி முடியும்.

அழுத்துதல்

உலர்ந்ததைச் சுத்தியல் அரைவை இயந்திரத்தில் இட்டு, சில மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் கடந்து வரும் அளவிற்குப் பொடியாக்குவர். பிறகு சிறிது நீராவி காட்டி அழுத்தும் இயந்திரத்திற்குள் செலுத்துவர். அங்கே தடித்த எஃகு வளையம் ஒன்று. அதில் நூற்றுக்கணக்கான துளைகள். பட்டறையில் அதனை ‘டை’ என்பர். நாம் அச்சு எனலாம். வளையத்தின் உட்புறம் உருளைகள் அழுந்திச் சுழலும். பொடி உருளைக்கும் அச்சிற்கும் இடையில் நசுங்கித் துளைக்குள் நுழையும். முறுக்கு உழக்கில் மாவைப் பிழிவதை நினைத்துக்கொள்ளலாம். வேறுபாடு என்னவென்றால், மாவு எளிதில் வழுகிவிடும், இது வழுகாது. அந்த உராய்வில் பொருள் நீர் கொதிக்கும் அளவிற்கும் மேலாகக்கூடச் சூடாகும்.

அச்சூட்டில்தான் அருமையான செயல் ஒன்று நிகழ்கிறது. மரத்தின் செல்சுவரில் செல்லுலோசு இழைகளை ஒட்டிவைத்திருப்பது லிக்னின் என்னும் பொருள். சூடும் சிறிது ஈரமும் பட்டால் லிக்னின் இளகும். குளிர்ந்தால் மீண்டும் இறுகும். அழுத்தத்தில் நெருங்கிய துகள்களைச் சேர்த்துப் பிணைக்கும் பசை இதுவே. வெளியிலிருந்து பசை சேர்க்க வேண்டிய தேவை மரத்தூளுக்குப் பெரும்பாலும் இல்லை. குளிகையின் மேற்பரப்பு மெருகிட்டது போல் மின்னுவதற்கும் இதுவே காரணம். ஈரம் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கிற்குள் நிற்க வேண்டும். கூடினால் துளையை விட்டு வெளிவரும்போது நீராவி வெடித்துக் குளிகை பொரிபோல் உதிரும்; குறைந்தால் பொருள் துளைக்குள் இறுகி நின்றுவிடும். சிறிய தட்டை அச்சு இயந்திரம் ஒன்றில் நானே இதனை முயன்றேன். தென்னோலையை அரைத்துக் காய்ந்துவிட்டது என்று கையால் தடவி முடிவு செய்து இட்டேன். வந்தது குளிகையன்று, ஈரத்தவிடு. மறுநாள் நன்கு காய்ந்ததை இட்டபோது அச்சு அடைத்துக்கொண்டது. இயந்திரத்தின் உரிமையாளர் ஒவ்வொரு துளையாகத் துரப்பணத்தால் குடைந்தெடுத்துக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் நின்று வெட்கத்தோடு பார்க்க நேர்ந்தது.

வெளிவந்த குளிகையை உடனே காற்றில் குளிர்விக்க வேண்டும். சூட்டோடு சாக்கில் கட்டினால் வியர்த்து உடையும். அரைப்பது முதல் குளிர்விப்பது வரை ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 100 முதல் 150 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகும். இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? அடர்த்தி. உதிரி வைக்கோல் ஒரு கனமீட்டரில் நூறு கிலோ கூடத் தேறாது. குளிகையோ 600 கிலோவிற்கு மேல். பத்து லாரியில் போகவேண்டியது ஒரு லாரியில் போகும். சீரான அளவும் உலர்வும் உடையதாதலின் திருகு வழியாகத் தானே அடுப்பிற்குள் செல்லும், புகை குறையும். நல்ல மரக்குளிகை ஒரு கிலோவில் 17 மெகாஜூல் அளவு வெப்பம் உண்டு. இரண்டு கிலோ குளிகை ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ ஈடு. இயற்கையே செய்து வைத்த குளிகையும் ஒன்று உண்டு: செம்பனைக் கொட்டையின் ஓடு. அது உலர்ந்தது, கடினமானது, சிறியது. அதனால்தான் அதனை யாரும் அரைத்து அழுத்துவதில்லை. 2012இல் ஜப்பான் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு நிலையான விலை தரத் தொடங்கியபின், இங்கிருந்து அது அப்படியே கப்பலேறுகிறது.

பள்ளியில் மூட்டைகளை வாங்கி வைக்க எண்ணும் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குவித்து அடைத்த குளிகை மெதுவாக உயிர்வளியை உண்டு கரிமஓருயிர்வளியை வெளியிடும், அதற்கு மணமில்லை. காற்றோட்டமற்ற கப்பல் அறைகளிலும் சேமிப்பறைகளிலும் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. ஓரிரு மூட்டைகளால் அத்தகைய தீங்கில்லை எனினும், மூடிய அறையில் குவிப்பது கூடாது.

வயிரம் உள்ளே, வயிரம் வெளியே

இனி அந்த மாணவியின் வினாவில் இருந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன். ‘கழிவு’ என்றாள். அவள் பிழையன்று, நாம் அனைவரும் அப்படித்தான் சொல்கிறோம். சற்றே முந்தைய தலைமுறையினர் அப்படிச் சொன்னதில்லை. உமி, தவிடு, பதர், வைக்கோல், தாளடி, மட்டை, ஓலை, பாளை, பன்னாடை, ஈர்க்கு, சிரட்டை, உரிமட்டை, சுள்ளி, சிராய், சருகு என ஒவ்வொன்றிற்கும் தனிப்பெயர் இருந்தது. ஒவ்வொன்றிற்கும் தனி வேலையும் இருந்தது. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அடுப்பு மூட்டப் பன்னாடை. சோறு கொதிக்க ரப்பர் விறகு. தணலில் வைத்துச் சுட வேண்டியதற்குச் சிரட்டை. மட்டையை அடுப்பில் வைத்தால் என் தாயார் திட்டுவார்: “புகையும் சாம்பலும்தான் மிஞ்சும்.”

அந்தத் திட்டு அறிவியலாகும். ஐ.எஸ்.ஓ. 17225 என்னும் உலகத் தர வரிசை, திண்ம உயிர்ம எரிபொருள்களை வகுக்கும்போது மரவகை, புல்வகை, கனிவகை என்று பிரித்தே தொடங்குகிறது. மரக்குளிகைக்குத் தனித் தரம். மரமல்லாத குளிகைக்குத் தனித் தரம். ஏன் இந்தப் பிரிவினை? சாம்பலால். பட்டை நீங்கிய மரத்தை எரித்தால் நூற்றுக்கு ஒரு பங்கும் சாம்பல் மிஞ்சாது. முதல்தர மரக்குளிகையில் 0.7 பங்கிற்கு மேல் சாம்பல் இருத்தலாகாது என்பது விதி. இலையும் பட்டையும் சேர்ந்த கழிகிளையில் சில பங்கு. செம்பனை வெற்றுக்குலையில் ஏறத்தாழ 5 பங்கு. வைக்கோலில் 15 முதல் 20 பங்கு. உமியில் 20 பங்கு வரை. அதுவும் பெரும்பாலும் சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள். உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறை நாங்கள். பல்லைத் தேய்த்த அதே சிலிக்காதான் எஃகு அச்சையும் தேய்க்கிறது. மரத்தூளுக்கு நெடுநாள் உழைக்கும் அச்சு, உமிக்கும் வைக்கோலுக்கும் விரைவில் துளை அகன்று பாழாகும்.

சாம்பலின் அளவு மட்டுமன்று, அதன் இயல்பும் வேறு. விரைந்து வளரும் புல்லினத் தாவரங்களில் பொட்டாசியம் மிகுதி. பொட்டாசியம் சாம்பலின் உருகுநிலையைத் தாழ்த்தும். வைக்கோலில் பொட்டாசியமும் சிலிக்காவும் ஒருசேர இருப்பதால், கொதிகலனின் வெம்மையில் அச்சாம்பல் இளகிக் கண்ணாடிபோல் குழாய்களின்மீது படிந்து இறுகும். உளியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். போதாக்குறைக்கு வைக்கோலின் மெழுகுப் பூச்சு துகள்களை எளிதில் பிணையவிடாது. மரவள்ளி மாவு போன்ற பசை தேவைப்படும்.

இப்போது தொல்காப்பியம். மரபியலில், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் ஆசிரியர் பிரிக்கிறார். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலிய உறுப்புப் பெயர்களைப் புல்லுக்கும், இலை, தளிர், சினை முதலியவற்றை மரத்திற்கும் உரியனவாக்குகிறார். இதன்படி தென்னையும் பனையும் மரமல்ல, புல். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர் நகைப்பர். ஆனால் தாவரவியலார் ஒருவித்திலைத் தாவரம் என்று நெல்லையும் பனையையும் ஒரே பெருங்குழுவில் வைப்பதும் இதுவே. செம்பனைத் தண்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தவர்களுக்கு ஐயமே இராது: வெளிப்புறம் நார்க்கட்டாக இறுகியிருக்கும், உள்ளே நீரும் சர்க்கரையும் மாவுப்பொருளும் நிறைந்த பஞ்சு. மரவேலைக்கு உதவாது; சில நாளில் புளித்து அழுகும். ரப்பர் அப்படியன்று, அது மரபியல் இலக்கணத்தின்படியும் மரம், கொதிகலனின் இலக்கணத்தின்படியும் மரம்.

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. என்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைச் செய்த இடம் அது. உலகச் செம்பனை வரலாற்று நூல்களிலெல்லாம் தமிழ்ச்சொல் ஒன்று இப்படி நிலைத்திருப்பது நமக்கு மகிழ்ச்சியே. தொல்காப்பியர் கண்டால் ‘தென்னை’யை விட்டு ‘மரம்’ என்பதை மட்டும் அடித்துத் திருத்தியிருப்பார்.

மண்ணின் பங்கு

புல்வகை மிச்சங்களிலிருந்து குளிகை செய்யவே முடியாது என்று நான் சொல்லவில்லை. செய்கிறார்கள். இந்தியாவில் பஞ்சாப், அரியானா வயல்களின் வைக்கோல் புகை தில்லியை மூடுவது ஆண்டுதோறும் காணும் செய்தி. அங்கே 2017இல் தாத்ரி அனல்மின் நிலையத்தில் நிலக்கரியோடு வேளாண்மிச்சக் குளிகையைக் கலந்து எரித்துப் பார்த்தனர். 2021இல் அனல்மின் நிலையங்கள் குறிப்பிட்ட பங்கு அவ்வாறு கலக்க வேண்டும் என்று நடுவணரசு விதித்தது. சிறு பங்காகக் கலக்கும்போது சாம்பலின் தொல்லை நிலக்கரியில் கரைந்துவிடுகிறது. கோதுமை விதைக்க மூன்று வாரமே இடைவெளி உள்ள உழவருக்கு வைக்கோலை அகற்றியே ஆக வேண்டும். அங்கு அது பொருந்தும்.

நம் மண்ணில் வேறொரு கணக்கும் இருக்கிறது. ஒரு டன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ நைட்ரசனும் 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் உள்ளன. தீயிட்டால் நைட்ரசன் ஏறத்தாழ முழுதும் காற்றோடு போகும். பொட்டாசியம் சாம்பலாகவேனும் வயலில் நிற்கும். குளிகையாக்கிக் கொண்டுபோனால் இரண்டும் போகும். எரிப்பது தீது என்பதில் ஐயமில்லை. ஆனால் அள்ளிச் செல்வது தானாகவே நன்றாகிவிடாது. ஒரு டன் வெற்றுக்குலையை நிலத்தில் பரப்பினால், ஏறத்தாழ 7 கிலோ யூரியாவும் 19 கிலோ பொட்டாசிய உரமும் இட்டதற்கு நிகர் என்பது தோட்டக்காரர் அறிந்த கணக்கு. ஒரு காலத்தில் ஆலையிலேயே வெற்றுக்குலையை எரித்து, அக்குலைச்சாம்பலை உரமாகவே திரும்ப இட்டனர். புகையால் அவ்வழக்கம் நின்று, குலை நேரே நிலத்திற்குப் போகலாயிற்று.

செம்பனை ஒன்று மாதத்திற்கு இரண்டு மட்டை வீதம் ஆண்டுக்கு 24 மட்டை விடுகிறது. எக்டருக்கு 140 செம்பனை என்று கொண்டால் ஆண்டுக்கு 3,000க்கு மேற்பட்ட மட்டைகள் வெட்டப்பட்டு, வரிசைகளுக்கு இடையே அடுக்கப்படுகின்றன. உலர்நிறையில் 10 டன் அளவு வரும். சாலையிலிருந்து பார்ப்பவருக்கு அது குப்பை. ‘மட்டை அடுக்கு’ வேலை செய்தவருக்குத் தெரியும், அந்த அடுக்கின் அடியில்தான் மண் ஈரமாக இருக்கும், வேர் அங்கேதான் தேடி வரும் என்று. 2011இல் வெளியான தேசிய உயிர்மத்திரள் வியூகம் இந்நாட்டுச் செம்பனைத் துறை ஆண்டுக்கு ஏறத்தாழ 8 கோடி டன் உலர் மிச்சத்தைத் தருகிறது என்று கணக்கிட்டபோது, பலர் அத்தனையும் கிடைக்கும் பொருள் என்று எண்ணினர். பெரும்பகுதி நிலத்திற்குத் திரும்பி உரமாகிறது என்று அவ்வியூகமே சொன்னதைக் கவனித்தவர் குறைவு.

விதிவிலக்கும் உண்டு. இருபத்தைந்து ஆண்டு வளர்ந்த செம்பனையை மறுநடவிற்காகச் சாய்க்கும்போது தண்டுகள் குவிகின்றன. முன்பு இவற்றை எரித்தனர். எரியா மறுநடவு முறைக்காக இந்நாட்டுத் தோட்ட நிறுவனமான கோல்டன் ஹோப் 1992இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ விருதைப் பெற்றது. ஆனால் அழுகும் தண்டுக்குவியலில் காண்டாமிருக வண்டு பெருகி இளஞ்செம்பனையின் குருத்தைத் துளைக்கிறது. ஆகவே தண்டில் ஒரு பகுதியையேனும் அகற்றுவது நிலத்திற்கும் நன்மை. எனினும் அது பெரும்பாலும் நீர் என்பதால் உலர்த்தும் செலவு தடுக்கிறது. முன்னே சொன்ன கணக்கை மாணவர்கள் தண்டிற்கும் போட்டுப் பார்க்கலாம்.

அப்படியாயின் இவ்வட்டாரத்தில் எரிகுளிகைக்கு ஏற்றது எது? என் மதிப்பீட்டைச் சொல்கிறேன். முதலாவது மரமே: சாலையோர நிழல்மரங்களைக் கழிக்கும்போது விழும் கிளை, கொல்லையின் ரம்புத்தான், மா, பலா ஆகியவற்றின் கழிகிளை, முதிர்ந்த ரப்பர் மரத்தின் வேலைக்காகாத கொம்பு, தச்சுப்பட்டறைத் தூள். இவற்றில் கிளையின் பெரும்பகுதி இன்று குப்பைமேட்டிற்குப் போகிறது. எந்த வயலுக்கும் திரும்புவதில்லை. ஆதலின் இதை எடுப்பதால் எந்த வேரும் பட்டினி கிடக்காது. இலையை மட்டும் உதிர்த்து மரத்தடியில் விட்டுவிடுவது நல்லது. சாம்பல் பெரிதும் இலையிலும் பட்டையிலும்தான் உள்ளது. அடுத்து உமி. அது ஆலையில் ஓரிடத்தில் உலர்ந்தே குவிகிறது. ஆனால் அதை அழுத்துவதைவிட, நெல் உலர்த்தும் அடுப்பில் அப்படியே எரிப்பதே சிக்கனம். எரிபொருளை உண்டாக்கும் இடமும் உண்ணும் இடமும் ஒன்றாகவே இருக்கும்போது அடர்த்திக்காகச் செலவழிப்பானேன்? செம்பனை ஆலைகளும் நாரையும் ஓட்டையும் தம் கொதிகலனிலேயே நெடுங்காலமாக எரித்து நீராவியும் மின்சாரமும் எடுத்து வருகின்றன. அங்கே யாரும் அதைக் கழிவு என்பதில்லை. வைக்கோலைப் பொறுத்தவரை, நறுக்கி உழுது மண்ணில் சேர்ப்பதற்கே நான் முதலிடம் தருவேன். இரு பருவங்களுக்கிடையே அது மட்க நாள் போதவில்லை, நோய் தங்குகிறது என்று உழவர் கூறும் குறை மெய்யே. அத்தகைய வயல்களில் ஒரு பங்கைக் கட்டாகக் கட்டி எடுத்து மாட்டுக்கும் காளான் படுக்கைக்கும் தரலாம். அதற்கும் மிஞ்சியது குளிகைக்குப் போகலாம்.

அந்தப் பள்ளிக்குச் சென்ற மாதம் மீண்டும் சென்றேன். கேள்வி கேட்ட மாணவி இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டாள். அறிவியல் ஆசிரியை இருந்தார். பரிசோதனை ஒன்றைச் சேர்ந்து செய்தோம். நன்கு உலர்ந்த உமி 100 கிராம், நறுக்கிய வைக்கோல் 100 கிராம், செம்பனை மட்டைத் துருவல் 100 கிராம், ரப்பர் மரத்தூள் 100 கிராம். நான்கையும் தனித்தனித் தகர டப்பாக்களில் இட்டு, திறந்தவெளியில், ஆசிரியர் மேற்பார்வையில், வாளியில் நீர் வைத்துக்கொண்டு, கரி முழுதும் வெளுத்துச் சாம்பலாகும்வரை அடுப்புத் தணலில் வைத்திருந்தோம். உமிக்குத்தான் நேரம் பிடித்தது; கரி உள்ளேயே கறுப்பாக நின்றது, பலமுறை கிளறிவிட்டோம். ஆறியபின் சமையலறைத் தராசில் நிறுத்தோம். உமி டப்பாவின் சாம்பல் ஒரு கைப்பிடி இருந்தது. நெல்லின் வடிவம் கலையாமல் வெள்ளையாகக் கிடந்தது. வைக்கோலுடையது அடியில் சற்றே இறுகி ஒட்டியிருந்தது. ஆணியால் கீறி எடுத்தார்கள். மட்டை இடைநடுவே நின்றது. மரத்தூள் டப்பாவை வைத்தபோது தராசின் எண் அசையவில்லை. தராசு பழுதாகிவிட்டது என்று ஒரு மாணவன் பேட்டரியை மாற்ற ஓடினான்.